கழற்றுவதற்குக் கூலி உண்டு, கண்டறிவதற்கு இல்லை

"கிளட்ச் போய்விட்டது." பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பணிமனைக்குக் கொண்டு செல்லும் இந்திய உரிமையாளர் கேட்கும் முதல் வாக்கியம் இது. பெரும்பாலும் அதுவே முடிவான தீர்ப்பாகவும் அமைந்துவிடுகிறது. எது போயிற்று, போனது என்பது எதனால் தெரிந்தது, வேறு காரணம் இருக்க வாய்ப்பில்லையா என்று கேட்பார் இல்லை. மறுநாள் காலை எஞ்சின் சங்கிலியில் தொங்குகிறது. வாரக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிளட்ச் செட் பொருத்தப்படுகிறது. கார் கீழே இறங்குகிறது. பெடலை மிதித்துப் பின்கியர் போட்டால் பல்லோடு பல் உரசும் அதே ஓசை மீண்டும் எழுகிறது.

இதைப் பழுதுபார்த்தல் என்று அழைப்பது அச்சொல்லுக்குச் செய்யும் அவமதிப்பு. 'பழுது பார்த்தல்' என்னும் தொடரில் பார்த்தல் என்ற வினை வெறும் துணைக்கு வந்ததன்று. பழுதை முதலில் பார்க்க வேண்டும். பாராமல் மாற்றுவது பொருள் விற்பனை மட்டுமே.

எம்ஜிபி என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. இன்று இந்தியச் சாலைகளில் அதே முத்திரையோடு ஓடும் புதிய கார்களுக்கும் இதற்கும் உள்ளது பெயர் உறவு மட்டுமே. 1798 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், நான்கு கியர் கொண்டது. பழங்கார் அணிவகுப்புகளில் பளபளப்பாக நிற்கும் இக்காருக்கு ஒரு கொடிய குணம் உண்டு: கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமானால் எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். கியர்பெட்டியை மட்டும் அடியிலிருந்து இறக்கிவிட அடிச்சட்டத்தின் குறுக்குத்தண்டு இடம் கொடாது. ரேடியேட்டர், கார்புரேட்டர்கள், புகைக்குழாய் இணைப்பு என யாவும் கழன்ற பின்னர் 150 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தூக்க வேண்டும். ஆகவே இந்தக் காரில் தவறான நோயறிதலின் விலை மிக அதிகம். அந்த விலையைச் செலுத்துபவர் ஒருபோதும் தவறு செய்தவர் அல்லர்.

கிளட்ச் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் உண்மையில் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. காலால் மிதிக்கும் பெடல், அதனை மாஸ்டர் சிலிண்டரின் தண்டோடு இணைக்கும் பின், மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து திரவத்தைக் கொண்டு செல்லும் குழாயும் ரப்பர் ஹோஸும், கியர்பெட்டியின் முன்கூட்டில் வெளிப்புறமாகப் பொருத்தப்பட்ட ஸ்லேவ் சிலிண்டர், அதன் தண்டு தள்ளும் ஃபோர்க், ஃபோர்க் தள்ளும் கார்பன் ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட், இறுதியில் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் கிளட்ச் பிளேட். இவற்றுள் ஸ்லேவ் சிலிண்டர் வரை உள்ளவை அனைத்தும் எஞ்சினை அசைக்காமலே பார்க்கவும் மாற்றவும் கூடியவை. அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு மட்டுமே எஞ்சின் வெளியேற வேண்டும். எனவே நோயறிதலின் முதற்பெரும் வினா ஒன்றே: பழுது இந்த எல்லைக்கு இப்பாலா, அப்பாலா? இவ்வினாவைக் கேளாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும் அன்றைக்கு அவர் செய்வது சூதாட்டம்.

இவ்வினாவுக்கு விடை காண ஜெர்மானியக் கருவியோ கணினியோ வேண்டா. முதலில் மொழி போதும். சென்னையின் மெக்கானிக் 'கிளட்ச் பிடிக்கலை' என்றும் 'கிளட்ச் விடலை' என்றும் இருவகையாகச் சொல்வார். இந்தி பேசும் பணிமனைகளிலும் 'பகட்னா', 'சோட்னா' என்னும் அதே இரு வினைகள் வழங்குகின்றன. ஆங்கிலக் கையேடுகள் பல பக்கங்களில் வகைப்படுத்தும் நோய்க்குறிகளை இவ்விரு வினைகளும் நறுக்கென்று பகுத்துவிடுகின்றன. எஞ்சின் சீறுகிறது, கார் அதற்கேற்ப விரையவில்லை என்றால் பிடிக்கவில்லை. பெடலை முழுவதும் மிதித்தும் கியர் விழ மறுக்கிறது, பின்கியர் அலறுகிறது என்றால் விடவில்லை. இரண்டும் எதிரெதிர் நோய்கள்; காரணங்களும் வேறு. இவ்விரண்டையும் 'கிளட்ச் போச்சு' என்ற ஒரே தொடருக்குள் கரைத்துவிடும் வாடிக்கையாளரும் ரசீது எழுதும் மேலாளரும், தொழிலாளியின் வாயில் ஏற்கெனவே இருக்கும் நுண்மையை அழித்துவிடுகிறார்கள்.

'விடவில்லை' என்பதை முதலில் பார்ப்போம். பழைய எம்ஜிபியில் மிகுதியாகக் காண்பது இதுவே. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, பெடலைத் தரைவரை மிதித்து, ஐந்து வரை எண்ணிவிட்டுப் பின்கியரைப் போட வேண்டும். பின்கியருக்கு ஒத்தியக்கும் வளையம் இல்லாததால் அது பொய் சொல்லாது. உரசினால் கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள். அடுத்து, பெடலை இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்துவிட்டு மீண்டும் முயல வேண்டும். இப்போது கியர் எளிதாக விழுந்தால் பழுது பெரும்பாலும் திரவப் பகுதியில் இருக்கிறது: காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டரின் ரப்பர் சீல் தளர்ந்திருக்கலாம். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நிற்கும் காரில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிப்பதில் வியப்பில்லை. ஓட்டுநரின் பாதத்தருகே தரைவிரிப்பு நனைந்திருக்கிறதா, ஸ்லேவ் சிலிண்டரின் தூசியுறையை நீக்கினால் திரவம் வழிகிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அதன்பின் யாரும் பாராத அந்தச் சிறு பின். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் அந்த இரும்புத் துண்டு ஐம்பது ஆண்டுகளில் தேய்கிறது. அது நுழையும் துளை நீள்வட்டமாகிறது. அங்கே ஏற்படும் ஓரிரு மில்லிமீட்டர் தேய்மானம் பெடலின் நுனியில் பன்மடங்கு வெற்றசைவாகப் பெருகும். கால் தரையைத் தொட்டுவிடும். கிளட்ச் பாதிதான் விட்டிருக்கும். இதனைச் சரிசெய்யத் துளையில் பற்று வைத்துக் கடைந்து புதுப் பின் போட்டால் போதும். லேத்துப் பட்டறையில் முடியும் வேலை. இதற்காக எஞ்சினைக் கழற்றியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை. கழற்றிய பிறகு அந்தப் பின்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

இறுதியாக ஒரு அளவுகோல். உதவியாளர் ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, காருக்கு அடியில் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 மி.மீ. அளவுக்கு நகர வேண்டும். குறைவாக நகர்ந்தால் பழுது எல்லைக்கு இப்பால். எஞ்சினைத் தொட வேண்டா. முழுமையாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் பழுது அப்பால்: ஃபோர்க்கின் புஷ் தேய்ந்திருக்கலாம், கார்பன் பேரிங் முடிந்திருக்கலாம், மழைக்கால ஈரத்தில் துருப்பிடித்து பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டிய பிளேட்டைக்கூட, எஞ்சினைச் சூடேற்றி, திறந்த வெளியில் பெடலை மிதித்தபடியே கியரில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை மாறிமாறி அழுத்தி விடுவிக்க முயலலாம். பல நேரங்களில் அது விட்டுக்கொடுக்கும். பல மணிநேரத் தலைவிதியைத் தீர்மானிப்பது பள்ளிச் சிறுவரின் பெட்டியில் கிடக்கும் ஓர் அடிக்கோல்!

'பிடிக்கவில்லை' என்னும் நோயிலும் அவசரத் தீர்ப்புக்கு இடமில்லை. பிளேட் தேய்ந்திருக்கலாம், எஞ்சினின் பின்புறத்திலிருந்து கசியும் ஆயில் அதை நனைத்திருக்கலாம். ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பிச் செல்லும் நுண்துளை அடைபட்டாலும், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கினாலும், அழுத்தம் உள்ளேயே தங்கி, காலை எடுத்த பின்னும் கிளட்ச் அரைகுறையாக மிதிபட்ட நிலையிலேயே நிற்கும். நல்ல பிளேட்டும் வழுக்கும். கார் வழுக்கும் அந்த நிலையிலேயே ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: திரவம் பீறிட்டு, கிளட்ச் உடனே பிடித்தால் பிளேட் நிரபராதி.

எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டிய பழுதுகளும் உண்டு. அவ்வாறு எடுத்தபின் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதும், ஃபிளைவீலின் முகத்தையும் ஃபோர்க்கின் புஷ்ஷையும் பின்புற ஆயில் கசிவையும் சோதிப்பதும் அறிவுடைமை. இங்கும் ஒரு எச்சரிக்கை: அக்காலக் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தக் கூட்டுக்குள் குவிந்திருக்கும் கருந்தூளைக் காற்றுக்குழாயால் ஊதித் துடைக்கச் சொல்வது, ஊதும் பையனின் நுரையீரலைத் துடைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். ஈரத்துணியால் துடைக்கலாம். தேவையின்றிக் கழற்றும் ஒவ்வொரு எஞ்சினும் தேவையின்றித் திறக்கப்படும் ஒரு நச்சுக்கூடு என்பதையும் மறக்கலாகாது.

இத்தனை எளிய சோதனைகள் இருந்தும் அவை ஏன் செய்யப்படுவதில்லை? மெக்கானிக்குக்குத் தெரியாது என்பது நடுத்தர வர்க்கம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வசதியான விடை. உண்மை ரசீதில் இருக்கிறது. இந்தியப் பணிமனையின் ரசீதில் உதிரிபாகத்துக்கு வரி உண்டு. கழற்றி மாட்டும் கூலிக்கு வரி உண்டு. கண்டறிந்ததற்கு வரி இல்லை. அரை மணிநேரம் காருக்கு அடியில் படுத்து, அளந்து, சிந்தித்து, தேய்ந்த பின்னைக் கண்டுபிடிப்பவருக்கு அந்தப் பின்னின் விலையும் சிறு கூலியும் கிடைக்கின்றன. சிந்திக்காமல் எஞ்சினை இறக்குபவருக்குப் பல நாள் கூலியும் உதிரிபாகத்தின் தரகும் கிடைக்கின்றன. சரியாகச் சிந்தித்தவரைத் தண்டித்து, சிந்திக்காதவருக்குப் பரிசளிக்கும் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, 'நல்ல மெக்கானிக் கிடைப்பதில்லை' என்று புலம்புவது நேர்மையாகுமா? நல்ல மெக்கானிக்கைப் பட்டினி போட்டவர்களே தேடுகிறார்கள்.

மருத்துவர் நாடியைப் பார்த்து 'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்றால் அவருக்குக் கட்டணம் தருகிறோம். வழக்கறிஞர் 'வழக்குப் போட வேண்டா' என்று சொன்னாலும் கட்டணம் தருகிறோம். கிரீஸ் படிந்த கைக்குரியவர் 'எஞ்சினைக் கழற்ற வேண்டா' என்று சொன்னால் மட்டும், 'அப்படியானால் எதற்குப் பணம்?' என்று கேட்கிறோம். அவரது உழைப்பை வாங்குவோம், அறிவை வாங்க மாட்டோம் என்பதே இதன் பொருள். கையையும் தலையையும் வெவ்வேறு சாதிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த ஒரு சமூகம் பணிமனை வாசலில் மட்டும் அப்பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுமா?

இதே நோயின் மறுமுகம் புகழ்ச்சி. மேலாண்மை நூல்கள் கொண்டாடும் 'ஜுகாட்' என்னும் சொல்லும், நம்மிடையே புழங்கும் 'கைராசி' என்னும் சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன. முன்னது அவரது அறிவைக் குறுக்குவழி என்கிறது. பின்னது அதிர்ஷ்டம் என்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் எழும் கீச்சொலி ரிலீஸ் பேரிங்கினுடையது, பெடலை மிதித்தவுடன் அடங்கும் இரைச்சல் கியர்பெட்டியின் முன்தண்டு பேரிங்கினுடையது என்று காதால் பிரித்தறிவது குறுக்குவழியும் அன்று, ராசியும் அன்று, அது அனுமானம். ஒரு நிலையை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது எந்த ஆய்வுக்கூடத்திலும் சோதனை என்றே அழைக்கப்படும்.

பணக்காரரின் விளையாட்டுப் பொருளுக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி; ஆனால் அந்தப் பொருள் தனியே வாழவில்லை. எம்ஜிபியின் எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையின் 1489 சி.சி. எஞ்சின்தான் பெட்ரோல் வடிவிலும் பின்னர் டீசல் வடிவிலும் அம்பாசடரை ஓட்டியது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸியைத் தினமும் திறந்து மூடிய கைகளுக்கு எம்ஜிபி அயலார் அல்லர். பங்காளி வீட்டுப் பிள்ளை. டாக்ஸி ஓட்டுநருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் அடுப்பு எரியாது. ஆகவே அங்கே வீணாகக் கழற்ற எவருக்கும் மனம் வராது. கண்டறியும் கலை வறுமையின் கண்டிப்பில் வளர்ந்தது. செல்வர் வீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பள்ளியில் பயின்றவர்களின் தயவில் ஓடியது.

அந்தப் பள்ளி மூடப்பட்டு வருகிறது. 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்களைக் கொல்கத்தாவிலிருந்து விலக்கும் நீதிமன்ற ஆணை 2008-இல் வந்தது. உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது. காற்றின் தூய்மை கருதிய ஆணையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் டாக்ஸிகளோடு வெளியேறும் அறிவை ஏந்திக்கொள்ள எவரும் கை நீட்டவில்லை என்பது குறை.

சட்டம் என்ன செய்கிறது? 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்குப் பழம்பெருமைத் தகுதி தந்து, தனிப் பதிவெண் முறையையும் வகுத்தது. உடற்கூடும் அடிச்சட்டமும் எஞ்சினும் பெருமாற்றம் அடைந்திருக்கலாகாது என்பது நிபந்தனை. இரும்பின் தொன்மை காக்கப்படுகிறது. அதனை ஓட வைக்கும் அறிவின் தொன்மைக்குப் பதிவெண் இல்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, உதிரிபாகங்களையும் நோயறி கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் திறந்துவிடப் பணித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தபோதிலும் அந்த ஆணை ஒரு மைல்கல். ஆனால் எம்ஜிபி போன்ற பழங்கார் எதையும் பூட்டி வைக்கவில்லை. அதன் கையேடு எவரும் வாங்கக் கூடியது. அதன் உறுப்புகள் கண்ணால் காணக் கூடியவை. அங்கே பூட்டியிருப்பது உரிமையாளரின் பணப்பை மட்டுமே.

கண்டறிவதற்குக் கட்டணம் வைத்தால் இல்லாத பழுதைக் கண்டறிவார்களே என்று அஞ்சுவோர்க்கு விடை எளிது: சான்று கேளுங்கள். தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது? இரண்டு முறை மிதித்தபின் என்ன ஆயிற்று? திருகைத் தளர்த்தியபோது கிளட்ச் பிடித்ததா? இம்மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவருக்கு, எஞ்சினைக் கழற்றுவதற்குத் தரும் ஒரு நாள் கூலியைத் தயங்காமல் தாருங்கள். எழுத மறுப்பவரிடம் சாவியைத் தராதீர்கள். எதற்கும் சிக்னலில் நிற்கும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலைப் பெடலிலிருந்து எடுங்கள். மிதித்தபடியே நிற்கும் ஒவ்வொரு நொடியும் அந்தக் கார்பன் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழுதுக்கு மெக்கானிக் பொறுப்பல்லர்.

பழங்கார் உரிமையாளர்கள் குரோமியத்துக்கும் தோல் இருக்கைக்கும் அணிவகுப்புக் கோப்பைக்கும் கணக்குப் பாராமல் செலவிடுகிறார்கள். அவர்களே கண்டறிதலுக்கு விலை தரவில்லை என்றால், ஆட்டோ ஓட்டுநரிடமும் லாரி உரிமையாளரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. அளந்து பார்க்கும் கடைசித் தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களது பிள்ளைகள் ரசீதைப் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படித்தது சரியாகவே இருந்தது.